வெயிலில் காய்ந்த கிழங்கு

அருக்காணி அக்காவுக்கு வெயில்தான் சாமி. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். கருவாடு, மிளகாய், நனைந்த பாய், எதுவானாலும் வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்பது அவள் கட்சி. மறுத்துப் பேசினால் வாயாலேயே வறுத்தெடுத்துவிடுவாள். எதிர்வீட்டில் ஆட்டோ வைத்துப் பிழைக்கும் நானும் மறுத்ததில்லை.

போன மழையில் அவள் வீடு ஒழுகி உருளைக்கிழங்கு மூட்டை நனைந்துபோனது. உப்பளத்து வரப்பில் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டாள். ஒரு வாரம் வெயில் குடித்துத் தோலெல்லாம் பச்சையாகிவிட்டது. "பாத்தியா, இப்பத்தான் தோண்டி எடுத்த மாதிரி பச்சையா இருக்குது" என்று என்னிடம் பெருமை வேறு.

அவள் மருமகள் ரேணுகா ஐந்து மாதக் கர்ப்பிணி. வாய்க்கு எதுவும் பிடிக்காத பெண், அன்று ஆசையாகப் பூரிக்கிழங்கு கேட்டாள். அமாவாசை நாள். அங்காளம்மனுக்கு விரதம் இருந்த அக்கா, உப்புகூடப் பார்க்காமல் சமைத்துப்போட்டாள்.

"கசக்குது அத்தை."

"மசக்கைக்காரிக்குத் தேனும் கசக்கும். வயித்துல இருக்கிற புள்ளைக்காவது தின்னுடி."

மாமியார் சொல்லைத் தட்டாத பெண், தட்டைக் காலி செய்தாள். பொழுது சாய்வதற்குள் ஓயாத வாந்தி. மசக்கைதானே என்று அக்கா சுக்குத்தண்ணீர் கொடுத்தாள். ரேணுகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோதுதான் அக்காவுக்குப் பயம் வந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு லூர்துமேரி ஓடிவந்தாள். ஆரோவில் சமையலறையில் வேலை பார்க்கிறவள். மூலையில் கிடந்த தோலைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏக்கா, இதையா சமைச்ச? எங்க கிச்சன்ல எந்தெந்த நாட்டுக்காரங்களோ இருக்காங்க. நமக்கு அரிசி மாதிரி அவங்களுக்கு இந்தக் கிழங்குதான். ஆனா வெளிச்சம் படாம மூடித்தான் வைப்பாங்க. வெயில் பட்டுப் பச்சையாயிட்டா வெஷம்க்கா. கசக்கும்."

அக்கா சட்டியில் மிச்சமிருந்ததை ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். துப்பவில்லை. மென்று விழுங்கினாள். இன்னொரு கை அள்ளுவதற்குள் லூர்துமேரி சட்டியைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

ஆட்டோவில் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் ரேணுகா முனகினாள்.

"என்ன சாப்பிட்டாங்க?" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் ரேணுகா, மாமியாரைப் பார்த்தபடி.

"நான்தாங்க குடுத்தேன். பச்சையாப் போன உருளைக்கிழங்கு. கசக்குதுன்னு சொன்னா. அதட்டித் தின்ன வச்சேன்."

ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, வயிற்றின் மேல் ஒரு கருவியை வைத்தார் டாக்டரம்மா. இரைச்சல்தான் கேட்டது. இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் இரைச்சல். வாசலில் நின்ற நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினார். டக்டக்கென்று வேகமாக ஒரு சத்தம்.

"இது யாரோட நெஞ்சுங்க?" என்றாள் அக்கா.

"கொழந்தையோடது. நல்லா இருக்கு."

அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"எனக்கும் வயித்தப் பெரட்டுதுங்க டாக்டரம்மா" என்றாள். "வரும்போதே பெரட்டிச்சு. இவள உட்டுட்டு என்னப் பாப்பீங்களோன்னு பயந்து சொல்லல."