தங்கவேலு போட மறுத்த கையெழுத்து

பிரிஞ்சாங் சந்தையில் தங்கவேலு விழுந்துவிட்ட செய்தியை எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் காய்கறி லாரி ஓட்டும் முனியாண்டி. தொழிற்சாலை வாசலில் லாரியை நிறுத்தியவர் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. "சார், டீமேக்கர் சார் போயிட்டாரு. கோசு வாங்கிட்டு நின்னவரு அப்படியே சாஞ்சுட்டாரு. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு லா" என்றார். இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், தங்கவேலுவை அறிந்த உங்களிடம் ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. அந்த நொடியில் எனக்குள் முதலில் எழுந்தது துக்கம் அல்ல. இனித் தேயிலைத் தயாரிப்புப் பொறுப்பு என் கைக்கு வரும் என்ற எண்ணம்தான். அதற்குப் பிறகுதான் அங்கே கிடந்த இலைக் கூடை ஒன்றின்மேல் உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் நீலகிரியிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டு, ஒரே கப்பலில் பினாங்கு வந்து இறங்கினோம். தாப்பாவிலிருந்து மலை ஏறிய பஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஒரே ஒப்பந்தம், ஒரே வேலை. மூன்றாம் ஆண்டு அவர் டீமேக்கர் ஆனார். நான் அவருக்குக் கீழே உதவியாளனாக நின்றேன். ஏன் அவர் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். ஒரு மழைநாளில் வாட்டப் பரப்பியிருந்த இலை பதத்துக்கு வந்ததா என்று தோட்ட மேலாளரான துரை கேட்டார். நான் கடிகாரத்தையும் வெப்பமானியையும் பார்த்தேன். தங்கவேலு ஒரு பிடி இலையை அள்ளி இறுக்கி, விரலைத் திறந்து பார்த்து, "இன்னும் ரெண்டு மணி நேரம்" என்றார். துரை என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு யாரும் இல்லாதபோது நானும் எத்தனையோ முறை இலையைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். என் உள்ளங்கை ஈரமானதைத் தவிர எனக்கு எதுவும் தெரிந்ததில்லை.

எங்களைப் போல வேலை பெர்மிட்டில் வந்தவர்களுக்கு ஒரு பயம் எப்போதும் இருந்தது. எங்களுக்கு நோய் வந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். மனைவி மக்களுக்கு வந்தால் நம் பாடு. குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கட்டணமும் கூடுதல். ஆகவே ஈப்போவிலிருந்து காப்புறுதி முகவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப்புக்கு வந்தபோது எல்லோரும் கூடிவிட்டோம். அவர் தனியறை, நர்ஸ், ஊருக்கு விமானச் சீட்டு என்று அடுக்கிக்கொண்டே போனார். தங்கவேலு எழுந்தார். "தம்பி, என்னென்ன தருவீங்கன்னு சொல்லிட்டீங்க. எதுக்கெல்லாம் தரமாட்டீங்க? அந்தப் பக்கத்தக் காட்டுங்க" என்றார். முகவர் சிரித்து மழுப்பினார். தங்கவேலு உட்காரவில்லை.

நாலு காப்புறுதிக் கம்பெனிகளின் தாள்களை வரவழைத்து, ஒரு வாரம் அகராதியோடு உட்கார்ந்து வாசித்தார். எல்லோரும் அவர் வீட்டில்தான். என் மனைவி சரோஜாவும் போய்விட்டு வந்து, "அண்ணன் எவ்வளவு தெளிவா சொல்றாரு தெரியுமா?" என்றாள். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவர் எடுத்தது மிக எளிய திட்டம். இரண்டாம் வகுப்பு வார்டு. வெளிநோயாளிச் செலவு கிடையாது. விமானச் சீட்டு கிடையாது. ஆனால் அறுவைச் சிகிச்சைக்கும் நீண்ட நாள் படுக்கைக்கும் தடையில்லாமல் கொடுப்பார்கள். "சளி, காய்ச்சலுக்கு நம்ம தோட்டத்து மருந்தக டிரெசர் இருக்காரு சார். நம்மள ஊருக்குத் துரத்துற நோய்க்குத்தான் இன்சூரன்ஸ்" என்றார். அவர் மலிவானதை எடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காக நான் விலை உயர்ந்ததை எடுத்தேன். தனியறை, நர்ஸ், விமானச் சீட்டு எல்லாம் உண்டு.

விண்ணப்பப் பாரம் நிரப்பிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பழைய நோய் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு அவர், தம் மனைவி ருக்மணிக்குச் சிறுநீரகக் கல் இருந்ததை எழுதினார். இரண்டு வருடம் அந்த நோய்க்கு மட்டும் ஒன்றும் கிடையாது என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். எனக்கோ முகவர், "இல்லன்னு போட்டுடுங்க சார், யார் வந்து பாக்கப் போறா?" என்று காதோடு சொல்லியிருந்தார். நான் "இல்லை" என்று எழுதியதைத் தங்கவேலு பார்த்துவிட்டார்.

"சரோஜாவுக்கு மூச்சு இளைப்பு உண்டே சார்? எழுதிடுங்க."

"உங்க பாரத்த நீங்க பாருங்க" என்றேன்.

இரண்டாவது வருடம், பனி விலகாத ஒரு காலையில் சரோஜாவுக்கு மூச்சு அடைத்தது. டிரெசர் ஊசி போட்டும் கேட்கவில்லை. துரையின் காரில் மலை இறக்கி ஈப்போ கொண்டுபோனோம். அங்கே டாக்டர், "எவ்வளவு காலமாக?" என்று கேட்க, அவள் திணறிக்கொண்டே, "பதினாலு வயசுலேருந்து" என்றாள். அந்த நிலையிலும் அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. பதினொரு நாள் கழித்துப் பிழைத்து வந்தாள். பழைய நோயை மறைத்ததாகச் சொல்லி, காப்புறுதிக் கம்பெனி ஒரு வரியில் கையை விரித்துவிட்டது. அவளுடைய வளையல்கள் போயின, தாலிக்கொடியும் போனது.

அப்போது முகவர் ஒரு வழி சொன்னார். இந்த நாட்டுக்கு வந்தபோதும் பாரம் எழுதியபோதும் அவளுக்கு இளைப்பு இல்லை, பிறகுதான் தொடங்கியது என்று அக்கம்பக்கத்தில் மதிப்பான ஒருவர் எழுதிக் கொடுத்தால் முறையீடு செய்யலாம். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு தங்கவேலுவுடையது. கடிதத்தை நானே எழுதிக்கொண்டு போனேன்.

அவர் இரண்டு முறை வாசித்தார். "கப்பல்லயே அவங்க இளைச்சதப் பாத்தவன் நான். கையெழுத்துப் போடமாட்டேன் சார்" என்றார்.

"ஒரு கையெழுத்துதானே? உங்களுக்கு என்ன குறைஞ்சிரும்?"

"இன்னைக்கு இதுக்குப் போட்டா, நாளைக்கு நான் உண்மையா எழுதுறதையும் எவன் நம்புவான்?" கடிதத்தை என்னிடம் நீட்டி, "ஆனா ஈப்போவுக்கு உங்ககூட வர்றேன்" என்றார்.

"நல்லா இருக்கிறவன் நியாயம் பேசுவான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களில் பலர் அவரைச் சிரித்த முகமாகவே அறிவீர்கள். அன்று அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது.

அவர் சொன்னபடியே என்னோடு பஸ் ஏறி வந்தார். காப்புறுதி அலுவலகத்தில் நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். எல்லாம் முடிந்தபின் தங்கவேலு அந்த அதிகாரியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "பொய் சொல்லாம இந்த அம்மா மாதிரி ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் கிடைக்க வழி இருக்கா?" அதிகாரி, இருக்கிறது என்றார். பல குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து எடுத்தால் தனித்தனியாகப் பழைய நோயைக் கேட்கமாட்டோம். தலைக்கு ஆகும் செலவும் குறையும். இருபது குடும்பமாவது வேண்டும் என்றார்.

எங்கள் தோட்டத்தில் ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்கள் ஆறுதான். தங்கவேலு நாலு ஞாயிற்றுக்கிழமைகள் மோட்டார் சைக்கிளில் ஏறிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனார். மழையில் நனைந்து, ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பேசி, இருபத்துமூன்று குடும்பங்களைச் சேர்த்தார். எங்கள் துரையிடமும் மற்றத் துரைகளிடமும் வாதாடி, பாதித் தொகையைத் தோட்டங்களே கட்டும்படி செய்தார். ஒரு ஞாயிறுகூட நான் அவரோடு போகவில்லை. பட்டியலில் முதல் பெயராகச் சரோஜாவின் பெயரை எழுதியிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு மறுபடி முடியாமல் போனபோது அந்தக் காப்புறுதிதான் அவளை ஈப்போவில் வைத்துப் பார்த்தது. வீடு திரும்பியவள் எழுந்து நடந்த முதல் நாளே பணியாரம் சுட்டு, மூடி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். என் மனைவி பிழைத்த மகிழ்ச்சியைக்கூட என்னால் முழுதாக அனுபவிக்க முடியவில்லை. அவளைப் பிழைக்க வைத்தவன் நானாக இல்லையே என்பதே நெஞ்சை அறுத்தது.

அதன்பிறகு பத்து ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம். இலை உருட்டும் ரோலர் சத்தத்தில் ஆயிரம் பேச்சுப் பேசினோம். அவருக்கு நன்றி என்று ஒரு சொல் சொல்லியிருப்பேனா என்றால், இல்லை. அந்தக் கடிதத்தைப் பற்றி அவரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்படித் திறக்காததும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் நாலு பேரிடம் சொல்லி என்னைச் சிறுமைப்படுத்தியிருந்தால் அவரை வெறுக்க எனக்கொரு காரணமாவது கிடைத்திருக்கும்.

இறுதிச் சடங்கன்று எனக்கு முன்பின் தெரியாத பலர் வந்திருந்தார்கள். ஒருவர் தம் மகளின் காலைக் காட்டி, இந்தக் கால் நடக்கிறது என்றால் அவரால்தான் என்று அழுதார். இன்னொருவர் பாரம் நிரப்பிய கதையைச் சொன்னார். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தொண்டை அடைத்ததாகச் சைகை காட்டி நழுவிவிட்டேன். உண்மையில் அந்தக் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். என் சாவுக்கு இதில் பாதி வருமா என்று.

அன்று பேசாததைத்தான் இப்போது எழுதுகிறேன். டீமேக்கர் நாற்காலி எனக்கு வந்துவிட்டது. அவருடைய கை எனக்கு வரவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் எனக்கு மறுத்த அந்த ஒரு கையெழுத்தைத்தான். கேட்டவன் பகைத்தாலும் பொய்க்குப் பேனாவைத் திறக்காமல், ஆனால் அவனோடு பஸ் ஏறிப் போவது எப்படி என்று அது எனக்குக் காட்டியது. அந்தத் துணிவு இனியாவது எனக்கு வர வேண்டும்.

இதை உங்களுக்கு அனுப்புவதற்கு முன் சரோஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். என் பொறாமையை நான் எழுதிய இடங்களில் அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் அண்ணனுக்கு அப்பவே தெரியும். 'அவரு மனசு ஆறட்டும்மா, அவசரப்படுத்தாத'ன்னு என்கிட்ட சொல்லியிருக்காரு" என்றாள்.

அதைக் கேட்டபோதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.