நடுவில் நிற்காத குரல்

அப்பா நீரேற்று நிலையத்தில் ஃபிட்டர். ஓடும் பம்பின் மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைப்பார். கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "இந்த பேரிங் ரெண்டு மாசம் தாங்கும்" என்பார். ரெண்டு மாதம்தான் தாங்கும். முப்பத்தொரு வருடம் அந்த நிலையம் அவர் காதை நம்பி ஓடியது.

அவருக்கென்று வீட்டில் இருந்தது ஒரு ஸ்டீரியோ மட்டும்தான். பழைய ஆம்ப்ளிஃபையர், சிடி பிளேயர், இரண்டு ஸ்பீக்கர். எதிரே உட்கார்ந்தால், பாடுகிறவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்பது போல் கேட்கும். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பார். அந்த ஒரு மணி நேரம் அம்மா மிக்ஸி போடமாட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். அப்போது ஸ்பீக்கர்களைச் சுவரின் இரண்டு முனைகளுக்கும் நகர்த்தி, நீளமான புது வயர் போட்டுக் கொடுத்தேன். நான் மின்னணுவியல் படித்தவள். அப்பா டார்ச் பிடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் போன் செய்தார்.

"இன்ஜினியரம்மா, பாடுறவர் நடுவுல நிக்கமாட்டேங்கிறார்."

"வேற எங்கப்பா நிக்கிறார்?"

"அதான் பிடிபடல. ரெண்டு ஓரத்துக்கும் போயிட்ட மாதிரி இருக்கு. டிரம்முக்கும் கனம் இல்ல. அட்டப்பெட்டியத் தட்டுற மாதிரி கேக்குது."

"புது இடம்ல, போகப் போகப் பழகிடும்."

பழகவில்லை. வீட்டுக்குச் சாமான்கள் வரத் தொடங்கின. எதுவும் பெரிய விலை இல்லை. முதலில் ரப்பர் பந்தைப் பாதியாக அறுத்து ஸ்பீக்கருக்கு அடியில் வைத்தார். பிறகு பழைய பம்பின் அடியில் கிடந்த ரப்பர் திண்டு. ஜன்னலுக்குத் தடித்த திரை. தெருவோரக் கடையில் தங்க நிறத்தில் பளபளத்த பிளக்குகள். எதிரொலி அடங்கட்டும் என்று சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டியபோது, "இனிமே கோழி வந்து உக்கார வேண்டியதுதான் பாக்கி" என்றாள் அம்மா. கடைசியாக, தடிமனான வயர் வாங்கி அவரே மாற்றினார்.

ஒவ்வொரு முறையும் போன் வரும். "கொஞ்சம் தேவலாம் போலிருக்கு." இரண்டு நாள் கழித்து, "இல்லம்மா. அப்படியேதான் இருக்கு."

"அடுத்து என்னப்பா, டானிக் குடுக்கப்போறீங்களா அதுக்கு?" என்று கேட்டுச் சிரித்தேன்.

விடுமுறைக்குப் போனபோது இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இடது ஸ்பீக்கரை மட்டும் பாடவைத்தேன். நன்றாக இருந்தது. வலதை மட்டும் பாடவைத்தேன். அதுவும் நன்றாக இருந்தது.

"பெட்டில ஒரு கோளாறும் இல்லப்பா. முப்பது வருஷமா பம்புக்குப் பக்கத்துலயே நின்னிருக்கீங்க. உங்க காதுதான் போச்சு."

அப்பா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "இருக்கும். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதோடு போன்களும் சாமான்களும் நின்றுபோயின. எட்டு மாதம் கழித்து, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போதே வேலையை விட்டார். அலுப்பு என்று நினைத்தேன். கேட்கவில்லை.

போன மாதம் அப்பா இறந்தார். மாரடைப்பு.

அவரோடு வேலை பார்த்த வால்வு மாமா பார்க்க வந்தார். வால்வுகளைத் திறந்து மூடும் வேலை என்பதால் எல்லோருக்கும் அவர் வால்வு மாமாதான். அப்பாவின் ஸ்க்ரூடிரைவரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"அப்பா ஏன் மாமா வேலைய விட்டார்?"

"உனக்குத் தெரியாதா?" அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "காது போயிருச்சுன்னாரும்மா. 'எங்க பொண்ணே டெஸ்ட் பண்ணிப் பாத்துச் சொல்லிருச்சு, இனிமே என் பேச்ச நம்பி பம்ப ஓட்டாதீங்க'ன்னார். கடைசி நாள் மூணாவது பம்புகிட்ட ரொம்ப நேரம் நின்னார். 'என்னமோ கேக்குதுடா. பேரிங்கா, என் காதான்னு தெரியல'ன்னார். நாங்களும் விட்டுட்டோம். பதினேழாம் நாள் பேரிங் இறுகிப் பிடிச்சு பம்பு நின்னுபோச்சு."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா? 'குருட்டாம்போக்குல அடிச்சது'ன்னு சிரிச்சுட்டார்."

அன்று மதியம் அம்மா, "அந்தப் பாட்டுப் பெட்டிய நீயே எடுத்துட்டுப் போ. சும்மா கிடக்கிறதப் பாக்க முடியல" என்றாள்.

ஸ்பீக்கரைத் திருப்பினேன். ஒவ்வொரு வயர் முனையிலும் வெள்ளைப் பெயிண்டால் சிறு புள்ளிகள். ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு முனையிலிருந்து வருவதில் ஒன்று, கறுப்பிலிருந்து வருவதில் இரண்டு. பம்பைக் கழற்றும்போது செய்வது போலவே, பழைய வயரை எடுப்பதற்கு முன் அடையாளம் வைத்து, அதையே புதியதிலும் இட்டு, எது எங்கே இருந்ததோ அங்கேயே புதியதை மாட்டியிருக்கிறார்.

வலது ஸ்பீக்கரில் ஒற்றைப் புள்ளி கறுப்பிலும் இரட்டைப் புள்ளி சிவப்பிலும் இடம் மாறியிருந்தன. அவர் மாற்றவில்லை. நான் பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் மாற்றி மாட்டியதை அவர் பிசகாமல் காப்பாற்றி வைத்திருந்தார்.

அப்படி மாட்டினால், ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். இரண்டின் கனத்த அடிச்சத்தமும் ஒன்றையொன்று தின்றுவிடும். குரல் நடுவில் நிற்காது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டிலும் குறை தெரியாது. நான் தனித்தனியாகத்தான் சோதித்தேன். முதல் வருடப் பாடம் இது.

அப்பாவின் ஸ்க்ரூடிரைவராலேயே கழற்றி மாற்றி மாட்டினேன். பிளேயருக்குள் கிடந்த பாட்டுத் தட்டையே ஓடவிட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"என்ன பண்ணினே? நடுவுல வந்துருச்சே."

சொன்னேன். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "ஒருநாள் நானே கேட்டேன், வயர்ல ஏதாவது இருக்கப்போகுது, பாருங்களேன்னு. 'அது புள்ள மாட்டினது, அதுல தப்பு இருக்காது'ன்னார். அப்புறம்தான் அந்த முட்டை அட்டைய வாங்கப் போனார்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அவருடைய நாற்காலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரே நடுவில் இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றாள். என்னால் உட்கார முடியவில்லை.