அத்தான் பிடித்த மீன்

குளியல் தொட்டியில் பாதிவரை தண்ணீர் நிற்கும். அதன் விளிம்பில் அத்தான் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். கையில் சின்னக் குறடு. தண்ணீரில், பெரிய மீன்களை ஏமாற்றித் தூண்டிலில் பிடிக்க மரத்தால் செய்த மீன் ஒன்று மிதக்கும். அதன் வாலில் இரண்டு காதுகள் வைத்த தகடு. நூலைப் பிடித்து மீனை இழுத்தால் தகடு காற்றாடிபோலச் சுழன்று தண்ணீரை அடிக்கும். பொளக், பொளக், பொளக். அடுத்த அறையில் படுத்திருக்கும் அக்கா, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தீர்ப்புச் சொல்லுவாள்.

"தகரம் மாதிரிக் கத்துது. இன்னும் கொஞ்சம் வளையுங்கோ."

அத்தான் குறட்டால் தகட்டின் காதுகளை மெல்ல வளைப்பார். இரண்டும் ஒரே அளவில் வளையவேண்டும். ஒன்று கூடினால் மரமீன் பக்கவாட்டில் புரண்டு நூலை முறுக்கிவிடும். வளைவு குறைந்தால் சத்தம் மெலிந்து விரைவாகும். கூடினால் கனத்து நிதானமாகும். ஆணி இறுகியிருந்தால் தகடு இடையிடையே நின்றுபோகும். இவையெல்லாம் அவர் வேலைத்தலத்து நண்பனிடம் கேட்டறிந்தவை. ஆனால் எந்தச் சத்தம் சரி என்பதை முடிவுசெய்தவள் அக்காதான். தையல் ஆலையில் வேலைசெய்த காலத்தில், மெஷின் பழுதாவதற்கு முன்பே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாளாம். மரமீனுக்குக் 'கட்டைமீன்' என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை அது. அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, நோவுக்குக் குளிசை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் என் வேலையை விட்டுவிட்டு, வெக்ஸ்போர்ட்டில் இருந்த அவர்களுடைய அப்பார்ட்மென்டில் வந்து தங்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் விடியமுன் வெளிக்கிட்டுவிடுவார். விட்பிக்கு வடக்கே ஓர் ஏரியில் அந்த நண்பனின் சிறிய அலுமினியப் படகு நின்றது. அத்தான் தேடிப் போனது மஸ்கி என்ற மீனை. எங்கள் ஊர்க் கடலில் சீலா எப்படியோ அப்படி நீண்ட உடம்பும் நாய்ப் பல்லும் உள்ள மீன். நன்னீரில் பாசிக்குள் பதுங்கிக் கிடக்கும். கோடை முழுக்க எறிந்தும் ஒன்றுகூடக் கிடைக்காதவர்கள் நிறையப் பேர் என்று அவரே சொல்லுவார்.

மிசிசாகாவில் இருந்த எங்கள் அண்ணைக்கு இது பொறுக்கவில்லை. சனிக்கிழமைகளில் அக்காவைப் பார்க்க வருவார். மூலையில் சாத்தியிருக்கும் தூண்டில் தடிகளைப் பார்த்ததும் முகம் கறுத்துவிடும். "மனிசி உப்பிடிக் கிடக்க உவனுக்கு விளையாட்டு" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லுவார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அக்காவுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தேன். அத்தானின் கார் வாசலைத் தாண்டியதை ஜன்னலால் பார்த்துச் சொல்லச் சொன்னாள். "போயிட்டார்" என்றேன். அதன் பிறகு அவளிடமிருந்து வந்த சத்தத்தை என்னால் இன்றைக்கும் எழுத்தில் வைக்க முடியாது. கிழமையில் மற்ற ஆறு நாளும் பல்லுக்குள் வைத்திருந்த நோவை அவள் அன்றைக்குத்தான் வெளியே விட்டாள். நான் பயந்து குளிசையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கையால் தள்ளினாள்.

"விடு. நான் கொஞ்சம் அனுங்கோணும். அந்தாள் பக்கத்திலை இருந்து என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தால் எனக்கு வாய் திறக்கேலாது. அதுக்குத்தான் ஏரிக்குத் துரத்திறன். அந்தாளுக்குச் சொல்லிப்போடாதை. மீன் ஆசையிலை போறார், போகட்டும்."

பின்னேரம் கார் வந்து நின்றதும் முகத்தைத் துடைத்து, தலையை வாரிவிடச் சொன்னாள். அத்தான் அறைக்குள் வந்தபோது, "என்ன, இண்டைக்கும் இல்லையோ?" என்று சிரித்தாள். "இல்லை. தகடு சரியில்லைப் போலை" என்றார் அவர். குளியல் தொட்டியில் மறுபடியும் தண்ணீர் விழுந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிறு என்னையும் ஏரிக்குப் போகச் சொன்னாள். நான் வீட்டுக்குள்ளேயே கிடந்து வெளிறிப்போய்விட்டேனாம். பக்கத்து வீட்டு அன்ரி வந்து இருப்பதாக ஒழுங்கு செய்திருந்தாள். மறுக்க முடியாமல் போனேன்.

காற்றே இல்லாத காலை. பாசித் திட்டின் ஓரமாகப் படகை நிறுத்தி, அத்தான் கட்டைமீனை நீட்டி எறிந்தார். அலை அடங்கும்வரை பொறுத்து, ஒரே வேகத்தில் நூலைச் சுற்றத் தொடங்கினார். குளியல் தொட்டியில் கேட்ட அதே சத்தம், பரந்த தண்ணீரில் அநாதரவாகக் கேட்டது. "மீன் வந்து அடிச்சாலும் உடனை வெட்டி இழுக்கப்படாது, பிள்ளை. பாரம் கையிலை தெரியவேணும். அதுக்கு முதல் இழுத்தால் அதின்ரை வாயிலையிருந்து நாங்களே பறிச்ச மாதிரி" என்றார். எறிந்தார், சுற்றினார், எறிந்தார். அவருடைய முகத்தில் விருப்பம் என்று ஒன்றையும் நான் காணவில்லை.

வெயில் ஏறிய பிறகு, கட்டைமீனுக்குப் பின்னால் தண்ணீர் வீங்கியது. அடுத்த கணம் அந்த இடம் வெடித்தது. நான் கத்திவிட்டேன். அத்தான் அசையவில்லை. தடி வளைந்து பாரம் தெரிந்த பிறகுதான் இழுத்தார். அந்த மீன் படகுக்கு அடியால் ஓடியது, மேலே எழும்பித் தலையை உதறியது, மறுபடியும் ஆழத்துக்குப் போனது. கடைசியில் வலைக்குள் வந்தது. அத்தான் கொழுக்கிகளைக் குறட்டால் வெட்டி எடுத்து, வாலில் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தார். மூச்சு வந்ததும் அது ஒரு உதறலில் மறைந்துவிட்டது.

"அத்தான், அக்கா கேட்டால் துள்ளுவா!" என்றேன்.

"சொல்லாதை, பிள்ளை."

"ஏன்?"

"பிடிச்சாச்செண்டால் பிறகு என்னத்தைச் சொல்லி ஞாயிறு ஞாயிறா வெளிக்கிடுறது?"

எனக்கு விளங்கவில்லை. அவர் கையைக் கழுவியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு உந்த ஏரியும் வேண்டாம், மீனும் வேண்டாம். தொடக்கத்திலை ஒருநாள் சாப்பாட்டுப் பார்சலை மறந்துபோட்டுத் திரும்பி வந்தனான். கதவுக்கு வெளியிலை நிண்டு கேட்டன், அவ அனுங்கிறதை. திறக்கேல்லை. அப்பிடியே திரும்பி வந்திட்டன். நான் நிண்டால் அவ அடக்கிக்கொண்டு கிடப்பா. அதுதான் வாறன்."

அக்கா அவருக்காகத் தகட்டின் சத்தத்தைத் திருத்தினாள். அவர் அவளுக்காக அந்தத் தகட்டை ஏரிக்குக் கொண்டுபோனார். இருவரும் மற்றவருக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் இருந்தேன்.

அன்று பின்னேரம் அக்கா வழக்கம்போலக் கேட்டாள். "இல்லை" என்றார். "சத்தம் இன்னும் கனக்க வேணும். கொண்டுவாங்கோ பாப்பம்" என்றாள். நான் குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு நின்றேன்.

புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா போய்விட்டாள். காலையில் நன்றாக அனுங்கினாள். பிறகு அனுங்கல் சிறுத்து, நின்றுவிட்டது. அம்புலன்சுக்கும் அண்ணைக்கும் போன் பண்ணினேன். ஏரிக்குச் செய்தி அனுப்ப வழியிருக்கவில்லை. பொழுதுபட அத்தான் தடிகளுடன் வந்தபோது, கதவடியில் வந்திருந்தவர்கள் கழற்றிவிட்ட சப்பாத்துக் குவியலைப் பார்த்ததுமே நின்றுவிட்டார்.

"பெண்சாதி சாகக் கிடக்க மீன் பிடிக்கப் போனனீயோடா?" என்று அண்ணை எல்லாருக்கும் முன்னால் கத்தினார்.

"ஓம்" என்றார் அத்தான்.

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டித் தடுத்தார். பின்பு குசினிக்குள் வைத்து, "ஒருத்தரும் கேக்கக்கூடாதெண்டுதானே அவ அனுங்கினவ. அதைச் சபையிலை கொண்டுபோய் வைக்காதை" என்றார்.

மயானத்தில் எரியூட்டும் பொத்தானை அழுத்த அண்ணை அவரை விடவில்லை. தானே அழுத்தினார். அத்தான் பின்வரிசையில் கைகட்டி நின்றார். நான் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர யாரும் பிறகு அவருடன் பேசவில்லை. அவர் தூண்டில் சாமான்களை நண்பனிடம் கொடுத்துவிட்டு விட்பிக்கு மாறிப்போனார். மறுமணம் செய்யவில்லை. நான் போகும்போதெல்லாம் தேத்தண்ணி போட்டுத் தருவார். அக்காவைப் பற்றிக் கதைக்கமாட்டார்.

இந்த மாரிக் குளிரில் அத்தானும் போய்விட்டார். மண்டபத்தில் ஆட்கள் குறைவு. அண்ணை ஊன்றுகோலுடன் வந்து கடைசி வரிசையில் இருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து, வாகனத் தரிப்பிடத்தில் அவருடைய மகன் காரை எடுத்துவரக் காத்து நின்றோம். இனி யாருக்காக அதை மறைப்பது? பனிக்குள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கார் வந்து நின்ற பிறகும் அண்ணை ஏறவில்லை.

"மீன் மெய்யாவே பிடிச்சவனோ?" என்றார்.

"ஓம் அண்ணை. நான் பாத்தனான்."

"எவ்வளவு பெரிசு?"

நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் என்னால் முடிந்தவரை விரித்துக் காட்டினேன். அண்ணை அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார். என் தோள்கள் நோகத் தொடங்கின. நான் கைகளை இறக்கவில்லை.