சோப்பு டப்பாவின் இடது சீட்

உலகத்தில் இதுவரை கார் ஓட்டிய அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, எங்கள் அத்தையை மட்டும் மறு தட்டில் உட்கார வைத்தால், அத்தையின் தட்டு தரையில் போய் இடிக்கும். அவள் எடைக்கும் அதில் கொஞ்சம் பங்குண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அவள் மூன்றாவது கியர் போட்டால் காற்று ஓரமாக நின்று வழிவிடும். நாலாவது போட்டால் சாலையே முன்னால் ஓடிப்போய் வளைவுகளை நிமிர்த்தி வைக்கும்.

இனி உண்மை. கிளப் பந்தயங்களில் அத்தை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஒரே ஒரு தடவை இரண்டாவதாக வந்தாள். அன்று வந்திருந்ததே இரண்டு வண்டிகள்தான்.

அத்தை என் அப்பாவின் அக்கா. மாடியில் நாங்கள், கீழே அவளும் மாமாவும். மருந்துக்கடைக் கவுண்டரில் அவளுக்கு வேலை. கார் சமாச்சாரம் எதையும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருமல் மருந்து அடுக்குக்குக் கீழே ஒரு பழைய ரிப்பேர் புத்தகத்தை விரித்து வைத்திருப்பாள். வந்தவர் இருமி முடிப்பதற்குள் அரைப் பக்கம் படித்துவிடுவாள். படித்ததை விடுமுறையன்று சமையலறை மேசைமேல் செய்து பார்ப்பாள். கார்புரேட்டரைப் பிரித்து, திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வைப்பாள். ஒருமுறை எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு திருகு மிஞ்சிவிட்டது. மறுபடி முழுக்கப் பிரித்தாள். சாயங்காலம் மாமாவின் மூக்குக்கண்ணாடி இரண்டாக மடிந்து விழுந்தபோதுதான் அது எதன் திருகு என்று தெரிந்தது.

வண்டி சின்னது, வெள்ளை, மூலையெல்லாம் தேய்ந்தது. சோப்பு டப்பா என்பது நான் வைத்த பெயர். கிளப் பந்தயம் என்றால் கண்மண் தெரியாமல் பறப்பதில்லை. பழக்கமில்லாத சாலைகளில் போய், சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு நிற்க வேண்டும். ஓட்டுபவர் வலது சீட்டில். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்பவர் இடது சீட்டில். வெகுகாலம் அந்த இடது சீட்டில் உட்கார்ந்தவர், மருந்துக்கடைக்கு எதிரே இருந்த கண்ணாடிக்கடை அம்மா. அவர் மகளோடு வெளியூர் போய்விட்டார். மூன்று வருஷமாக அத்தை எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை.

“நான் உக்கார்றேனே அத்தை” என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

“உன்னையா? இடது சீட்டுல இருக்கறவ சொல்றதைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பணும்டி. உன்னை நம்பி ஒரு தடவை போனேனே, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. கடைத்தெருவுக்குப் போகிற வழியில் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி, மணல் லாரி நின்ற முட்டுச்சந்துக்குள் அவளைக் கொண்டுபோய் விட்டேன். தெரு முழுக்க ரிவர்ஸில் வந்தாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த மாதம் கீழ்வீட்டில் எதுவும் சரியில்லை. அத்தை வண்டியைக் கழுவினாள். அதில் தப்பில்லை. டிக்கிக்குள் இருந்த விரிப்பைக்கூடத் தேய்த்துக் கழுவினாள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. யார் தன் வண்டியின் டிக்கி விரிப்பைத் தேய்ப்பார்கள்? விற்கப் போகிறவர்கள்தான் தேய்ப்பார்கள். போன் வந்தால் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள். இஞ்ச் டேப்பை எடுத்து இடது சீட்டை அளந்தாள். அப்படியே படியேறிய என்னைப் பிடித்து, தோளில் டேப்பை வைத்தாள்.

“எதுக்கு அத்தை?”

“சும்மாதான். வளந்துட்டியான்னு பாத்தேன்.”

சும்மாவாம். வண்டி போன துக்கத்தை மறக்க எனக்குப் புதுச் சட்டை தைத்துக் கொடுக்கிற ஏற்பாடு. லஞ்சம்!

மாமா வேறு பாடிக்கொண்டே சவரம் செய்தார்.

“என்ன மாமா, கச்சேரி பலமா இருக்கு?”

“மனசு லேசா இருக்கும்மா. இனிமே அந்த வண்டியில நான் ஏறவே வேண்டியதில்லை.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் ஒருநாள் தொப்பி போட்ட ஒருவர் வந்தார், வண்டியை விலை பேசத்தான். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தார். கதவை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். அத்தை பக்கத்தில் கைகட்டி நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. அத்தை தண்ணீர் கொண்டுவர உள்ளே போன சமயம் நான் மெல்ல நெருங்கினேன்.

“சார், இந்த வண்டியில எலி இருக்கு. குடும்பத்தோட.”

“எத்தனை?”

“கணக்கெடுப்பு இன்னும் முடியல சார்.”

மனுஷன் அசையவில்லை. போகும்போது அத்தையிடம் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை காலையில வந்து ஓட்டிப் பாக்கறேன். ஸ்டார்ட் ஆகலன்னா அதோட பேச்சு முடிஞ்சுதும்மா. இன்னொரு தடவை வரமாட்டேன்.”

ஸ்டார்ட் ஆகாவிட்டால் பேச்சு முடிந்தது. நல்ல யோசனையை அவரே கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்பே எழுந்து பானட்டைத் திறந்தேன். எஞ்சினுக்குப் பொறி கொண்டுபோகிற தடித்த கறுப்பு ஒயரின் ஒரு முனையைப் பிடுங்கி, பேட்டரிக்குப் பின்னால் செருகினேன். அப்போது பார்த்துத் தூறல் போட்டது. வண்டி விற்காமல் இருந்தால் போதும், சாக வேண்டாமே. முனையில் பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுற்றி, கைக்குக் கிடைத்ததை வைத்து இறுக்கிவிட்டு, பானட்டை மூடிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

தொப்பிக்காரர் சரியாக வந்தார். அத்தை சாவியைத் திருப்பினாள். வண்டி கிர்ர் கிர்ர் என்றது. மறுபடி திருப்பினாள். மறுபடியும் கிர்ர்தான். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

“என்னம்மா இது?” என்றார் தொப்பிக்காரர். “மூணு வருஷம் பந்தயம் ஓடாத வண்டி. இப்படி நின்னா கிளப்புல எப்படிச் சேத்துக்கறது? பந்தயத்துக்குப் பேர் குடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

கிளப்பா? பந்தயமா?

அத்தை பதறவே இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே, மாடிப்படியில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“வா இங்க. பானட்டைத் திற. வழியில வண்டி நின்னா இடது சீட்டுக்காரிதான் இறங்கிப் பாக்கணும். பாரு.”

“யாரு, நானா? மாமா இல்லையா?”

“உங்க மாமாவுக்கு வளைவு வந்தா வாந்தி வரும். அவரைத்தான் ஏத்துவேன்னு மனுஷன் நடுங்கிக்கிட்டிருந்தார். உன்னைத்தான்னு சொன்னப்புறந்தான் பாட்டே வந்துச்சு.”

மாமா வாசலில் நின்று பல்லைக் காட்டினார்.

பானட்டைத் திறந்தேன். நேராக ஒயருக்குக் கை போனால் குட்டு உடையும். போகாவிட்டால் இடது சீட் போகும், சோப்பு டப்பாவும் இப்படியே வாசலில் துருப்பிடிக்கும். பிளக்கைத் தொட்டேன். பேட்டரியைத் தட்டினேன். பெல்ட்டை இழுத்து, தெரிந்த மாதிரி தலையாட்டினேன். தொப்பிக்காரர் குடையை விரித்துக்கொண்டு, “சரிம்மா, நான் கிளம்பறேன்” என்றார்.

என் கை தானாகப் பேட்டரிக்குப் பின்னால் போயிற்று. பிளாஸ்டிக்கை உருவிப் பாவாடைப் பையில் அடைத்துவிட்டு ஒயரை அதன் இடத்தில் அழுத்தினேன். அத்தை சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே தட்டில் உறுமியது.

“அட! பொண்ணு கெட்டிக்காரிதான்” என்றார் தொப்பிக்காரர்.

“ஆமாமா. வெச்ச இடம் தெரிஞ்சவளுக்குத் தேடறது என்ன கஷ்டம்?”

அத்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். எதையோ கொடு என்கிற மாதிரி விரலை ஆட்டினாள். பாவாடைப் பைக்குள் பிளாஸ்டிக்கோடு கசங்கிக் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். என் தலை ரப்பர் பேண்ட், நீல மணி வைத்தது.

“விடியக்காலையில ஆயில் பாக்க வந்தப்பவே பாத்துட்டேன். கழட்டினவ அது நனையக்கூடாதுன்னு சுத்தி வேற வெச்சிருக்கா” என்று எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். “முடியை ஒழுங்கா கட்டுடி. இல்லன்னா ஹெல்மெட்டுக்குள்ள தலை போகாது.”