பிலோமினா மிஸி கதிரை போட்ட இடம்

பிலோமினா மிஸி இறந்த செய்தி எனக்கு ரமீஸ் மூலமாகத்தான் வந்தது. ரமீஸ் கிண்ணியாக்காரர். கிடங்கு வெட்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டுபவர். அன்று நான் வேலை விடயமாக வெருகலுக்குப் போயிருந்தேன். ஆற்றங்கரையில் நின்றபோது தொலைபேசி அடித்தது.

"சேர், மிஸி மௌத்தாகிட்டா. நான் இஞ்ச ஆஸ்பத்திரியிலதான் நிக்கன். யோசேப்பு அண்ணன் உங்களுக்குச் சொல்லச் சொன்னாரு. அவருக்குக் கதைக்க ஏலாம இருக்கு."

யோசேப்பு அண்ணன் மிஸியின் கணவர். நான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். மூதூர் தாண்டி, கிண்ணியாப் பாலம் தாண்டி, திருகோணமலை வரும் வரைக்கும் மிஸியுடைய குரல்தான் என் காதில் இருந்தது. அழவைக்கிற நினைவு ஒன்றுகூட வரவில்லை. அவர் யாரையோ அதட்டுகிற நினைவுகளே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பஸ்ஸில் இருந்தபடியே நான் சிரித்துவிட்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மிஸியைத் தெரிந்தவர்களுக்கு அது விளங்கும்.

தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மிஸி உப்புவெளியில் எங்கள் சிறிய ஒழுங்கைத் தெருவில் இருந்தவர். நீண்ட காலம் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் தானாக ஏற்றுக்கொண்ட வேலை ஒன்று இருந்தது. ஒழுங்கையில் எந்த வீட்டு வளவிலாவது மண்வெட்டிச் சத்தமோ அலவாங்குச் சத்தமோ கேட்டால், கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடுவார். "கீழ என்ன கிடக்கெண்டு பாத்தாச்சோ?" என்பதுதான் முதல் கேள்வி. சுகமா, சாப்பிட்டீர்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய வீட்டில் தேநீர் குடித்த எல்லோரும் கேட்டிருப்போம். அவருடைய கணவர் யோசேப்பு அண்ணன் ஒருநாள் கேற்றுக்குப் புதுத் தூண் நடுவதற்காகக் குழி தோண்டியிருக்கிறார். அலவாங்கின் இரும்பு முனை மண்ணுக்குள் இருந்த கரண்ட் கேபிளில் இறங்கிவிட்டது. அண்ணன் தூக்கி எறியப்பட்டார். உயிர் தப்பியது. வலது கை எரிந்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. வேலை முடிந்து வந்த மிஸிதான் அவரைக் கொண்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பி ஓடினார்.

"எத்தினை பேருக்கு மருந்து கட்டினனான். அண்டைக்கு எனக்குப் பஞ்சைப் பிடிக்க ஏலாமப் போச்சு, தம்பி," என்று ஒருமுறை சொன்னார். அந்த ஒரு முறைதான் அந்தக் கதையைச் சிரிக்காமல் சொன்னார்.

அந்தக் கேபிளை அங்கே தாட்டது வேறு யாருமல்ல, யோசேப்பு அண்ணனேதான். வெளியில் கட்டிய குளியலறைக்கு வெளிச்சம் கொண்டுபோவதற்காக எப்போதோ தாட்டு, மறந்துவிட்டார். மிஸி அதை இப்படிச் சொல்வார்: "ஒருநாளும் மறக்கமாட்டன் எண்டுதான் ஆரும் மண்ணுக்குள்ள போடுறது." பிறகு கணவரைப் பார்த்துவிட்டு, "இவற்ற கை மடங்கினது, என்ர வாய் நீண்டது," என்பார். யோசேப்பு அண்ணன் கோப்பையை இடது கையால் வைத்துவிட்டு, "வாய் முதலும் நீளம்தான்," என்பார். இதை எத்தனை தடவை கேட்டாலும் நாங்கள் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்போம்.

என்னுடைய வளவுக்குள் மிஸி வந்த நாளுக்கு வருகிறேன். பின்வளவில், சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட இரண்டு அறைகள் கட்டத் திட்டமிட்டிருந்தோம். முதலில் மலசலகூடக் குழி வெட்ட வேண்டும். சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தோம். ரமீஸ் பெக்கோவைக் கொண்டுவந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். அந்தச் சத்தத்துக்கு மிஸி வந்தார். என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எங்கள் விறாந்தையில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவில் போட்டு, குடையை விரித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

ரமீசுக்கு அவரை அப்போது தெரியாது. "யார் சேர் இவ?" என்று மேலே இருந்து கேட்டார்.

"நான் ஆரெண்டு பிறகு சொல்லுறன். முதல்ல அதை நிப்பாட்டுங்கோ," என்றார் மிஸி. எஞ்சின் நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த வளவுக்குள்ள என்னென்ன தாட்டுக் கிடக்கு?"

"ஒண்டும் இல்லை மிஸி. தண்ணிக் குழாய் முன்பக்கம். கரண்ட் மேலால வருது."

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. நான் பாக்கிறன்தானே."

கிணற்றடியில் இருந்த மோட்டரைக் குடையால் காட்டினார். "அது எதில ஓடுது?"

"கரண்டில."

"கரண்ட் எதால போகுது? மேல வயரைக் காட்டுங்கோ பாப்பம்."

நான் அண்ணாந்து பார்த்தேன். தென்னை ஓலையும் வானமும்தான் இருந்தன. நாள்தோறும் சுவிச்சைப் போட்டுத் தண்ணீர் இறைக்கிறேன். அந்தக் கரண்ட் கிணற்றடிக்கு எந்த வழியால் போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ரமீஸ் இயந்திரத்தில் இருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று தானும் அண்ணாந்து பார்த்தார்.

கரண்ட் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்து, அங்கே உள்ள அலுவலர்களிடம் கேட்கிறேன் என்றேன். "கேளுங்கோ. கேக்கத்தான் வேணும். ஆனா மீற்றர் வரைக்கும்தான் அவைக்குத் தெரியும். மீற்றருக்கு இஞ்சால கிடக்கிறதைத் தாட்ட ஆளிட்டத்தான் கேக்கோணும்," என்றார். அப்படியே நடந்தது. கரண்ட் கந்தோரிலும் தண்ணீர்க் கந்தோரிலும் மரியாதையாகவே பதில் சொன்னார்கள். மீற்றர் வரை தங்களுடையது, அதற்குப் பிறகு வளவுக்காரருடையது.

வீட்டை முன்பு வைத்திருந்தவர் குலசிங்கம் என்பவர். யுத்தப் பிரச்சினைக் காலத்தில் கனடாவுக்குப் போய்விட்டார். அவருடைய மருமகன் மூலமாகத்தான் நாங்கள் வாங்கினோம். அவரோடு நான் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. அவருக்கு எடுக்கச் சொன்னார் மிஸி.

"அங்க இப்ப இரவு. படுத்திருப்பார் மிஸி."

"உயிரோட இருக்கிற ஆளைத்தான் எழுப்பலாம், தம்பி. எடுங்கோ."

மருமகனிடம் இலக்கம் வாங்கி எடுத்தேன். இந்த வளவில் இருந்து கதைக்கிறேன் என்றேன். உடனே, "வீட்டுக்கு ஏதும் நடந்ததோ?" என்று குலசிங்கம் ஐயா கேட்டார். நான் தடுமாற, மிஸி தொலைபேசியை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

"ஐயா, வீட்டுக்கு ஒண்டும் இல்லை. நான் இந்த ஒழுங்கையில இருக்கிற நேர்ஸ். இஞ்ச கிடங்கு வெட்டப் போயினம். கிணத்தடி மோட்டருக்கு வயர் எதால போகுது?"

"அது நான் தாட்டது, பிள்ளை. குசினிச் சுவரில இருந்து வெளிக்கிட்டு கிணத்தடிக்குப் போகுது. ஆனா நேரப் போகேல்லை. நடுவில முருங்கை நிண்டது. அதை வெட்ட மனுசி விடேல்லை. அதால சுத்தி வளைச்சுக் கொண்டுபோனனான்."

எங்கள் வளவில் முருங்கை இல்லை. நாங்கள் வாங்கியபோதே இல்லை.

"முருங்கை எவடத்தில நிண்டதெண்டு உங்கட மனுசிக்கு நினைவிருக்கும். அவவைக் கூப்பிடுங்கோ," என்றார் மிஸி.

"அவ போயிட்டா, மிஸி."

மிஸி குடையை மடக்கிக் கீழே வைத்தார். "அவவிட பேர் என்ன?"

"கமலா."

"கமலாவைப் பற்றி நாங்கள் பிறகு ஆறுதலாக் கதைப்பம். இப்ப எனக்கு முருங்கையைச் சொல்லுங்கோ."

குலசிங்கம் ஐயா யோசித்தார். பிறகு சொன்னார்: "குசினி யன்னலால கையை நீட்டிக் காய் முறிப்பா. எட்டி முறிக்கிறதில்லை. அவ்வளவு கிட்ட நிண்டது."

மிஸி என் மனைவியைச் சமையலறைக்குள் அனுப்பி, யன்னலால் கையை நீட்டச் சொன்னார். என் மனைவி கையை நீட்டினாள். அந்தக் கைக்கு நேரே நிலத்தில் ரமீஸ் ஒரு தடியை ஊன்றினார். அங்கிருந்து வளைந்து கிணற்றடிக்குப் போனால், வழி நாங்கள் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளால் போனது.

"மேல ஓட்டுத் துண்டு அடுக்கினனான்," என்றார் தொலைபேசியில். "சிவப்பு ஓடு கண்டால் நிப்பாட்டச் சொல்லுங்கோ."

மெயின் சுவிச்சை மிஸி தானே போய் நிறுத்தினார். பெக்கோ ஒதுங்கி நின்றது. ரமீசும் நானும் கையால் மண்ணை மெல்ல எடுத்தோம். ஓடு வந்தது. ஓட்டுக்குக் கீழே கேபிள், எந்தக் குழாய்க்குள்ளும் இல்லாமல் வெறுமனே கிடந்தது. பழைய முருங்கை வேர் நெரித்த இடத்தில் மேலுறை வெடித்து உள்ளே செம்பு தெரிந்தது. ரமீஸ் அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். கிணற்றடி ஈரத்தில் நான் வெறுங்காலோடு நிற்பதை மிஸி அப்போதுதான் கண்டார். "செருப்பு எங்க?" என்று மட்டும் கேட்டார். நான் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

குழியை மற்றப் பக்கத்துக்கு மாற்றினோம். வயர் வேலை செய்பவரைக் கூப்பிட்டு, புதுக் கேபிளைக் குழாய்க்குள் போட்டு ஆழமாகத் தாட்டோம். ரமீஸ் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எந்த வேலைக்கு வந்தாலும் முதலில் மிஸியிடம்தான் போவார். "மிஸி கதிரை போட்டா என்ட மெசின் என்ன, ஹாபர்ல நிக்கிற கப்பலும் நகராது," என்பது அவருடைய பேச்சு. மிஸி தன் சொல்லையும் மறக்கவில்லை. இரண்டொரு நாளில் குலசிங்கம் ஐயாவுக்குத் தானே எடுத்து, கமலாவைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மிஸி ஒருநாளும் பிழைவிடாதவர் என்று எழுதினால் அவரே எழும்பி வந்து சண்டை பிடிப்பார். தேவாலய மண்டபத்துக்குத் தூண் நட முயன்றபோதும் போய்த் தடுத்தார். அந்த வளவுக்குள்ளால் வெள்ளைக்காரன் காலத்துக் குழாய் ஒன்று போகிறது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாராம். திருவிழா நெருங்கிய நேரம். ஆட்கள் வெயிலுக்குள் கையால் தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள். மண்ணையும் கல்லையும் தவிர எதுவும் வரவில்லை. "மிஸி, பாதாளம் வரைக்கும் பாத்தாச்சு," என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒண்டும் இல்லையெண்டு இப்ப தெரியும். காலமை தெரியாதுதானே?" என்றார் மிஸி. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். திரும்பி வரும் வழியில் என்னிடம், "சனம் சிரிச்சது நோகுது, தம்பி," என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அடுத்த முறையும் போவன்," என்றார்.

குலசிங்கம் ஐயா பிறகு ஊருக்கு வந்தார். நாங்கள் கட்டிய அறையில்தான் தங்கினார். ஆனால் கால் வைத்தது முதலில் மிஸியின் வீட்டில். மறுநாள் எங்கிருந்தோ ஒரு முருங்கைத் தடியைக் கொண்டுவந்து, பழைய இடத்தில் நடப் போனார். மிஸி வேலிக்கு அங்கால் நின்று, "கீழ என்ன கிடக்கெண்டு பாத்தாச்சோ?" என்றார்.

"தாட்டவன் நான்தானே, மிஸி!"

"அதாலதான் கேக்கிறன்."

யோசேப்பு அண்ணன் சிரித்த சிரிப்பு ஒழுங்கை முழுவதும் கேட்டது. குலசிங்கம் ஐயா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அந்தக் கண்ணீர் எதனால் வந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மிஸியை நான் கடைசியாகக் கண்டது அவர் வேலை செய்த அதே ஆஸ்பத்திரியில், கட்டிலில். மூச்சு வாங்கியது. தலையணையைச் சரியாக வைக்கத் தெரியவில்லை என்று இளம் தாதி ஒருத்தியை அதட்டிவிட்டு, அவளுடைய கன்னத்தைத் தடவினார். யோசேப்பு அண்ணன் மருந்து வாங்க வெளியே போனதும் என்னைக் கிட்ட வரச் சொன்னார்.

"தம்பி, ஒரு விசயம். அவருக்குச் சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாது. கையிருக்கிற கோலம் தெரியுந்தானே. நான்தான் பூட்டிவிடுறனான். கேக்க வெக்கப்பட்டுக்கொண்டு திறந்த சட்டையோட திரிவார். காலமையில ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

ஓம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை அவர்.

அவரை நல்லடக்கம் செய்த அன்று ஒழுங்கையில் உள்ளவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ரமீஸ் குடும்பத்தோடு வந்தார். கனடாவில் இருந்து குலசிங்கம் ஐயா எடுத்து, இந்த முறை யோசேப்பு அண்ணன் சொல்லச் சொல்லத் தான் கேட்டுக்கொண்டிருந்தார். மிஸியிடம் இருந்து ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு போனோம் என்று நினைக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் இப்போது கேட்காமல் யாரும் மண்ணில் அலவாங்கு இறக்குவதில்லை. அது எல்லோருக்குமாக அவர் விட்டுப் போனது. எனக்கென்று அவர் தந்தது காலையில் செய்கிற ஒரு சிறு வேலை.

முதல் நாள் நான் போனபோது யோசேப்பு அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் முன்னால் போய் நின்று முதலில் கழுத்துப் பொத்தானைப் பூட்டினேன். "அவ கீழ இருந்துதான் பூட்டுவா, தம்பி," என்றார் மெல்ல. "அப்பிடியெண்டால் ஒண்டும் விடுபடாதாம்."

கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, குனிந்து, கீழேயிருந்து தொடங்கினேன். நாள்தோறும் அப்படித்தான் பூட்டிவிடுகிறேன்.