பொன்னம்மாள் பெயரில் கன்னியம்மாள்

கிறிஸ்துதாஸ் எத்தனையோ பேருக்கு எத்தனையோ செய்து கொடுத்தவர். அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் அவரிடம் மனு எழுதி வாங்காத கடைநிலை ஊழியர் இருந்திருக்க மாட்டார். அதையெல்லாம் சொன்னால் அவர் இப்போது காது கொடுத்துக் கேட்பதில்லை. கன்னியம்மாள் என்ற ஒரு பெண்ணுக்குச் செய்யாமல் விட்டது மட்டும்தான் அவருக்கு ஞாபகத்தில் நிற்கிறது.

எந்தத் துறை என்று கேட்காதீர்கள். மண்ணைத் தோண்டிக் கேபிள் புதைக்கிற மத்திய அரசுத் துறை என்பது போதும். கிறிஸ்துதாஸ் அதில் லைன்மேன். திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு, பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்த மனைவி ஜெயசீலி, இரண்டு பெண் பிள்ளைகள், ஞாயிறு தவறாமல் சர்ச். எழுபத்தெட்டில் சங்கத்தின் கிளைச் செயலாளர் ஆனவரை அதற்குப் பிறகு யாராலும் அசைக்க முடியவில்லை. அவரும் அசைய விரும்பவில்லை என்பது வேறு விஷயம். மழைக்கோட்டு, குடிக்கத் தண்ணீர், பெண்கள் ஒதுங்க நாலு தட்டி மறைப்பு என்று ஒவ்வொன்றாக அதிகாரிகளின் கழுத்தில் உட்கார்ந்து வாங்கினார். பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனால் போதும் என்று நினைக்கும்வரை பேசுவார்.

பள்ளம் தோண்டுகிறவர்கள் எல்லோரும் தினக்கூலிகள். வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் போகச் சொல்வார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் ஒருவர் வேலை செய்துவிட்டால், நாளைக்கு நிரந்தரம் கேட்டு வந்து நிற்பாரே என்று அதிகாரிகளுக்குப் பயம். அதனால் இருநூறு நாளை ஒரு பெயர் நெருங்கும்போதே, நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடுவார்கள். ஆவணி, புரட்டாசியில் ஆரம்பித்து மார்கழி வரைக்கும் அத்தனை பேர் வீட்டிலும் அடுப்பு சண்டித்தனம் பண்ணும்.

கிறிஸ்துதாஸ் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளை நிறுத்த வேண்டாம், பெயரை நிறுத்துங்கள் என்றார். மஸ்டர் ரோல், அதாவது தினக்கூலிகளின் வருகைப் பதிவேடு, எழுதுகிற லைன் இன்ஸ்பெக்டர் லோகநாதன் நல்ல மனிதர். கூட்டிக் கழித்துப் பார்த்தார்; பழகிய ஆட்கள் கையில் இருந்தால் அவருக்கும் வேலை ஓடும். அதிலிருந்து இருநூறு நாள் நெருங்கியதும், அதே ஆள் அண்ணன் பெயரிலோ மச்சினி பெயரிலோ மஸ்டரில் ஏறிவிடுவார். ஜனவரி பிறந்ததும் சொந்தப் பெயருக்குத் திரும்பிவிடுவார். கூலி வாங்கும்போது எல்லோரும் கைநாட்டு வைப்பார்கள். வைத்தவர் இன்னார்தான் என்று பக்கத்துக்குப் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் கிறிஸ்துதாஸ். இருபத்து மூன்று பேர் வருஷம் முழுக்க வேலை பார்த்தார்கள். இதைவிடப் பெரிய சாமர்த்தியம் எந்தக் கிளையிலும் நடக்கவில்லை என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

அந்த இருபத்து மூன்று பேரில் ஒருத்திதான் கன்னியம்மாள். பாரிவாக்கத்தில் நாலு தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நிலம் கைமாறிப் போன பிறகு, எண்பத்தொன்றில் கடப்பாரையைத் தூக்கினாள். பூந்தமல்லி சாலையில் ஆம்பிளைகள் இரண்டு பேர் திணறுகிற பாறை மண்ணை வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு தனியாகப் பெயர்ப்பாள். அவளுடைய மாற்றுப் பெயர் பொன்னம்மாள். பொன்னம்மாள் என்பது அவளுடைய ஓரகத்தி, கணவனுடைய அண்ணன் மனைவி. அந்த அம்மாள் கடப்பாரையைத் தொட்டது கிடையாது.

எண்பத்தைந்தாம் வருஷம் பிறந்தபோது கன்னியம்மாள் பிரசவத்துக்காக வீட்டில் இருந்தாள். தினக்கூலிக்குப் பேறுகால விடுப்பு ஏது? பிள்ளை பிறந்து நாற்பது நாள் கூட ஆகவில்லை, பிப்ரவரியில் வந்து நின்றாள். மற்றவர்கள் எல்லோரும் ஜனவரியிலேயே சொந்தப் பெயருக்குத் திரும்பிவிட்டிருந்தார்கள். லோகநாதன் மஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, சங்க மாநாட்டுக்கு ரயிலைப் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்த கிறிஸ்துதாஸைக் கேட்டார்.

"தாஸு, இந்தப் பொண்ணு போன வருசம் பொன்னம்மாளா முடிஞ்சிது. பேர மாத்திடட்டா?"

"இருக்கட்டும்பா, அப்புறமா பாத்துக்கலாம். கூலி அவ கைக்குத்தானே போவுது?"

அப்புறம் பார்க்கவே இல்லை. அந்த வருஷம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் அவசர வேலை. ஒருத்தரையும் நிறுத்த வேண்டாம் என்று மேலதிகாரியே வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். யாருக்கும் பெயர் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இருபத்திரண்டு பேர் சொந்தப் பெயரிலேயே இருநூற்று நாற்பது நாளைத் தாண்டினார்கள். கன்னியம்மாளும் தாண்டினாள், பொன்னம்மாளாக.

எண்பத்தொன்பதில் டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது. ஏதாவது ஒரு வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்த தினக்கூலிகள் எல்லோரையும் நிரந்தரம் ஆக்க வேண்டும். சங்கம் எத்தனையோ வருஷமாகத் தொண்டை வறளக் கத்திய கோரிக்கை. ஆவடி கிளையில் பட்டாசு வெடித்தார்கள். கிறிஸ்துதாஸ் வீட்டில் ஜெயசீலி கேசரி கிண்டி எல்லோருக்கும் கொடுத்தாள். மறுநாள் பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்தவர் கன்னியம்மாள் பெயரைத் தேடினார், தேடினார், கிடைக்கவில்லை. பதினேழாவது வரியில் பொன்னம்மாள் இருந்தாள்.

அவர் வெலவெலத்துப் போனது உண்மை. ஆனால் சங்கக்காரர் மூளை சும்மா இருக்குமா? கன்னியம்மாளைக் கூப்பிட்டு, "நீ பொன்னம்மாளாவே வேலையில சேந்துடு. உன் ஓரகத்தி ரேஷன் கார்டு மட்டும் எடுத்துக்கினு வா" என்றார். ஓர் ஆயுசு முழுக்க இன்னொருத்தி பெயரில் வாழச் சொல்கிறோமே என்று அவருக்கு உறைக்கவில்லை. அவளுக்கும் உறைக்கவில்லை. "நீ சொன்னா சரிண்ணே" என்று போய்விட்டாள்.

பொன்னம்மாள் வீட்டில் ரேஷன் கார்டைக் கேட்டதும் அவள் புருஷன் யோசித்தான். சர்க்கார் வேலை, பென்ஷன். பெயர் நம்முடையது, கார்டு நம்முடையது, அதைத் தூக்கி எதற்குக் கொடுக்க வேண்டும்? அவனைத் திட்டி என்ன பயன்? அவனுக்கும் நிலம் போய்விட்டது, மூன்று பிள்ளைகள்.

தொண்ணூறு மார்ச்சில் அம்பத்தூர் அலுவலகத்தில் ஆள் சரிபார்ப்பு. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, சம்பந்தப்பட்டவர் முன்னால் வர, சங்கச் செயலாளர் இவர்தான் என்று அடையாளம் சொல்ல வேண்டும். பதினாறு பேர் முடிந்தது. "பொன்னம்மாள்" என்றதும் இரண்டு பேர் எழுந்தார்கள். கன்னியம்மாள் வெறும் கையோடு நின்றாள். பொன்னம்மாள் ரேஷன் கார்டு, அஞ்சாம் வகுப்பு டி.சி., கிராம அதிகாரி கொடுத்த சான்றிதழ் எல்லாவற்றையும் மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாய்யா இது? செயலாளர், நீங்க சொல்லுங்க. இதுல யாரு பொன்னம்மாள்?"

மேசையில் எண்பத்தைந்தாம் வருஷத்து மஸ்டர் ரோல்கள் சிவப்பு நாடா கட்டி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பொன்னம்மாள் பெயருக்கு எதிரே இருந்த கைநாட்டு அத்தனையும் கன்னியம்மாளின் கட்டைவிரல். அதை எடுத்துச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால், பெயர் மாற்றி எழுதினோம் என்று ஒப்புக்கொண்டதாகும். இருபத்து மூன்று பேர் கதையும் வெளியே வரும், பட்டியலையே நிறுத்தி வைப்பார்கள், லோகநாதன் பென்ஷன் போகும். இப்படித்தான் கிறிஸ்துதாஸ் பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த நொடியில் அவர் கண் போனது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்த சாட்சிக் கையெழுத்தின் மேல்தான். அது அவருடையது. மூத்தவளுக்கு வரன் பேசி முடித்திருந்த சமயம்.

"இவங்கதான் சார்" என்று பொன்னம்மாளைக் காட்டினார்.

அவர் சொன்னதில் என்ன தப்பு? அவள்தானே பொன்னம்மாள். வாழ்நாளில் அவ்வளவு உண்மையான ஒரு வார்த்தையை அவர் எந்த அதிகாரியிடமும் சொன்னதில்லை.

கன்னியம்மாள் கூச்சல் போட்டிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், அவர் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பார். அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். தாஸ் அண்ணன் ஏதோ கணக்குப் போட்டுத்தான் செய்கிறார் என்ற நம்பிக்கை. எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு எப்போண்ணே கூப்புடுவாங்க?"

"பேசிக்கினு கீறேம்மா" என்றார் கிறிஸ்துதாஸ்.

பேசவில்லை. முதல் மாதம் சூடு ஆறட்டும் என்று நினைத்தார். பிறகு கல்யாண வேலை. பிறகு அந்த அதிகாரி மாறிப் போய்ப் புது அதிகாரி வந்தார். அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? பேச்சுக்கே பிறந்த மனிதர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டார். இருபத்து மூன்று பேருக்கும் உத்தரவு கிடைத்த விழாவில் அவருக்கு ஆளுயர மாலை போட்டார்கள். பொன்னம்மாளும் வரிசையில் வந்து ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் ஆவடி அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் ஆனாள். அங்கே இருந்த அவருடைய சங்க மேசைக்குத் தினமும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது அவள்தான். நல்ல பெண், மரியாதை தெரிந்தவள். அந்தத் தண்ணீரை அவர் குடிக்க மாட்டார்; ஏன் என்று அவளும் கேட்டதில்லை.

தினக்கூலி எடுப்பதையே துறை நிறுத்திவிட்டது. பள்ளம் தோண்டுவது கான்ட்ராக்டர் கைக்குப் போயிற்று. கன்னியம்மாள் கான்ட்ராக்டரிடம் போனாள்; அதே மண், அதே கேபிள். அங்கே சங்கமும் கிடையாது, தட்டி மறைப்பும் கிடையாது.

தொண்ணூற்றாறில் ஆவடியில் மாவட்ட மாநாடு. பூந்தமல்லி கிளைச் செயலாளர் பால்ராஜ், மத்தியானம் டீக்கடை வாசலில் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார்: "உன்ன மாதிரியே நாங்களும் பேர மாத்தி மாத்தித்தான் ஓட்டினோம் மச்சான். நாலு பேருக்கு அதால நாளு குறஞ்சி போச்சு. நடந்தத அப்படியே எழுதி தொண்ணூறுலயே மேல குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா? இன்னா பண்ணாங்க?"

"இன்னா பண்ணுவாங்க? மஸ்டர எடுத்துக் கைரேகைய ஒத்துப் பாத்தாங்க. ஒரே விரல்தான்னு ஆனதும் ரெண்டு பேர்லயும் கீற நாள ஒண்ணா சேத்துட்டாங்க. நாலு பேரும் இப்போ பர்மனென்ட்டு. இன்ஸ்பெக்டருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடுதாசி வந்துது, அவ்ளோதான். அவங்களுக்கும் தெரியாமயா மாமே நடந்துது இதெல்லாம்?"

கிறிஸ்துதாஸ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். பிற்பகல் கூட்டத்தில் அவர் பேச வேண்டிய தீர்மானத்தை வேறொருவர் படித்தார். ஆறு வருஷமாக எதைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டாரோ அதெல்லாம் அன்றைக்கு அவரிடமிருந்து பறிபோயிற்று. யாருடைய வேலையும் போயிருக்காது. யாருடைய பென்ஷனும் போயிருக்காது. மனு எழுத ஒரு வெள்ளைத்தாள் செலவாகியிருக்கும். இனி கேட்கலாமா என்று விசாரித்தார். அந்தக் கோப்பு முடித்து மூடிப் பல காலம் ஆகிறது என்றார்கள்.

மறு வருஷம் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில் வாட்ச் கொடுத்தார்கள், நிறையப் பேசினார்கள். இரண்டு நாள் கழித்துக் காலையிலேயே கிளம்பி, கன்னியம்மாள் எங்கே வேலை செய்கிறாள் என்று விசாரித்துக்கொண்டு, காட்டுப்பாக்கத்துக்கு பஸ் ஏறினார். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, காலில் விழச் சொன்னாலும் விழுவது என்ற முடிவோடுதான் போனார். அதில் சந்தேகமில்லை.

ரோட்டோரம் இடுப்பளவு பள்ளத்தில் நின்றிருந்தாள். முடி பாதி வெளுத்துவிட்டது. வாயில் அதே வெற்றிலை. அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து மேலே ஏறி வந்தாள்.

"இன்னா அண்ணே, ரிட்டேர் ஆயிட்டியாமே? பொன்னம்மா சொன்னா. ஒடம்பு நல்லா கீதா? அண்ணி எப்படி கீறாங்க?"

எல்லோரும் நலம் என்றார். அவள் புருஷனைப் பற்றிக் கேட்டார். போன தை மாசம் மஞ்சள் காமாலையில் போய்விட்டானாம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கன்னியம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்" என்று ஆரம்பித்தார்.

"மொதல்ல நான் ஒண்ணு கேக்கறேண்ணே. கோச்சிக்கக் கூடாது." அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்க ஊட்டுக்காரு சாவற வரிக்கும் ஒரே பேச்சு. அந்த ஆளு உனுக்காக மேல வாயே தொறந்துருக்க மாட்டான், சும்மா உன்ன ஏமாத்திட்டான்னு. நான் உடவே மாட்டேன். அவரு கேட்டுருப்பாரு, அவுங்கதான் தர்ல, அவரப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்னு சண்ட புடிப்பேன். ரெண்டு வாட்டி அடி கூட வாங்கிக்கீறேன் அதுக்கு. நீ கேட்டதானேண்ணே?"

அவள் கண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வேலை போனது பற்றி அந்தக் கண்ணில் எதுவும் இல்லை. செத்துப்போன புருஷனோடு போட்ட சண்டையில் தான் சொன்னது சரியா என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவளுக்கு.

"கேட்டேம்மா" என்றார் கிறிஸ்துதாஸ். "மூணு வாட்டி கேட்டேன். முடியாதுன்ட்டாங்க."

"எனுக்குத் தெரியும்ணே" என்றாள் கன்னியம்மாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. "இந்த வெயில்ல இத சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்த? பஸ் வர்ற நேரம்தான், கெளம்பு" என்று சொல்லிவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள்.