எட்டா, ஆறா

2011 மே மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நன்னிலத்தில் ஷம்சாத் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது குவைத்திலிருந்து அவள் கணவன் அப்துல் ஜலீல் போன் செய்தான்.

“எம் பாஸ்போர்ட்ட ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சியே, அது இருக்கா?”

“இருக்கணும்ங்க. ஏன்?”

“எம்பஸி வரிசைல நிக்கிறேன். நம்பர் இல்லாம மனு வாங்க மாட்டாங்களாம். நம்ம ஊரு நேரம் மூணரைக்கு கவுண்டர மூடிடுவாங்க.”

ஜலீல் டிரைவராகப் போய் ஐந்து வருடமாகிறது. முதலாளி கை நீட்டுகிறவர் என்பது போன பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் அடி தாங்காமல் வெளியேறிவிட்டான். பாஸ்போர்ட் முதலாளியிடமே மாட்டிக்கொண்டது. இரண்டு வருடமாக விசா இல்லாமல் எங்கோ ஒரு தோட்டத்தில் ஒளிந்து வேலை செய்துகொண்டிருந்தான். இப்போது அந்த நாட்டு அரசு பொதுமன்னிப்பு அறிவித்திருந்தது. ஜூன் முடிவதற்குள் கிளம்பிவிட்டால் ஜெயில் இல்லை. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக எம்பஸி ஒரு தாள் தரும். அந்தத் தாளுக்குத்தான் இந்த மனு.

ஷம்சாத் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குப் போனாள். ஜெராக்ஸ் பிரதியெல்லாம் 2008 வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. மிச்சம் இருந்தது அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான்.

பிளஸ் டூ முடித்த கையோடு கடைத்தெருவில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தவள் அவள். படிப்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது நிக்காஹ் வைத்துவிட்டார்கள். அந்தக் குறை ஜலீலுக்குத் தெரியும். 2002-இல் கும்பகோணத்திலிருந்து வேனில் ஏற்றி வந்து இந்தக் கம்ப்யூட்டரை இறக்கினான். தெருவில் பாதிப் பேருடைய பயோடேட்டாவும் மனுவும் இதில் அடித்தவைதான். பென் டிரைவ் சொருகினால் அதற்கு அடையாளம் தெரியாது. இப்போதெல்லாம் எழுந்து உட்காரவே கால் மணி நேரம் ஆகும். நாலு மாதமாக அவள் அதைத் தொடவே இல்லை.

சுவிட்சைப் போட்டாள். நீளமாக மூன்று பீப் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது.

“போச்சா?” என்றாள் மகள் சுமையா. பதினொரு வயது. பள்ளி விடுமுறை.

“ரப்பர எடுத்துட்டு வா. பென்சில் அழிக்கிற ரப்பர்.”

பக்கத் தகட்டைக் கழற்றி, மெமரி சிப்பை உருவி, அதன் பித்தளைப் பல்லை ரப்பரால் தேய்த்தாள். மறுபடி பொருத்த மூன்று முறை முயல வேண்டியிருந்தது. இந்த முறை ஒரே ஒரு பீப். ஆனால் திரையில் ஹார்டு டிஸ்கைச் சோதிக்கிறேன் என்று எழுத்து வந்து, நூற்றுக்குப் பத்து, பதினொன்று என்று ஊர்ந்தது. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போகும். மூன்று மணிக்குத்தான் திரும்ப வரும். யூபிஎஸ் செத்து இரண்டு வருடம்.

படம் இருக்கும் ஃபோல்டரைத் தேடித் தட்டும்போது மணி பதினொன்று ஐம்பது. இரண்டாவது முறை தட்டினால் அப்படியே உறைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தாள். படம் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கியது. முதலில் நம்பர். மானிட்டர் பழசாகி எழுத்துகளின் ஓரமெல்லாம் சிவப்பாகக் கலங்கியிருந்தது. சுமையாவின் நோட்டில் எழுதினாள். பிறகு பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் கொடுத்த இடம் திருச்சிராப்பள்ளி. ஜலீலின் முகம் மூக்கு வரை வந்தபோது கரண்ட் போனது.

போன் செய்து நம்பரை இரண்டு முறை படித்துக் காட்டினாள். “போதும்மா. குடுத்துர்றேன்” என்றான் அவன்.

அதன் பிறகுதான் சந்தேகம் அவளைப் பிடித்துக்கொண்டது. நடுவில் இருந்த எட்டு, எட்டுதானா? ஆறாகவும் இருக்கலாம். கண்ணை மூடினால் எட்டு. திறந்தால் ஆறு. தப்பான நம்பர் திருச்சி பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போய், அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வருவதற்குள் ஜூன் முடிந்துவிடும். மீனைச் சமைக்கவில்லை. நண்பகல் லுஹர் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்பதே மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொழுதாள்.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் எழவில்லை. பீப் கூட இல்லை.

ஹார்டு டிஸ்கைத் தாங்கும் நான்கு திருகாணிகளையும் கழற்றி, அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுமையாவோடு கும்பகோணம் பஸ் ஏறினாள். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய கடைத்தெருப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் ரெத்தினம். டிஸ்கைக் காதருகே வைத்துப் பார்த்தார்.

“ரொம்பப் பழசும்மா. இன்னொரு தடவ சுத்துமான்னு சொல்ல முடியாது. என்ன வேணும் இதுல?”

“ஒரு படம்ங்க. அதுல ஒரு எழுத்து.”

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. இரண்டு முறை காட்டாமல் போய், மூன்றாவது முறை ஃபோல்டர் தெரிந்தது. புதுத் திரையில் படம் ஒரே வீச்சில் திறந்தது.

ஆறு.

ரெத்தினம் கேட்காமலேயே இரண்டு பிரிண்ட் எடுத்தார். ஷம்சாத் கடை வாசலில் நின்று போன் செய்தாள். நான்கு முறை அடித்தும் எடுக்கவில்லை. ஐந்தாவது முறை எடுத்தான். தோட்டத்துக்குத் திரும்பும் வண்டியில் இருந்தான்.

“ஏங்க, நான் தப்பா சொல்லிட்டேன். அது எட்டு இல்ல, ஆறு.”

ஒவ்வொரு முறை வெளியே வருவதும் போலீஸ் கண்ணில் படாமல் மூன்று மணி நேரப் பயணம்.

“அழாத. நாளைக்கு மறுபடி போறேன்” என்றான்.

மறுநாள் போய்த் திருத்திக் கொடுத்தான். அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள் தகவலே இல்லை. ஷம்சாத் பாதி உடம்பாகிவிட்டாள். ஜூன் பதினாறாம் தேதி தாள் கைக்கு வந்தது. இருபத்து நான்காம் தேதி திருச்சி விமான நிலையத்தில் ஒரு தோள்பையோடு வெளியே வந்தான். தாடி நரைத்திருந்தது.

ஆறு வயதில் அவனை வழியனுப்பிய சுமையா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் குனிந்து பார்த்தான். “வாங்க அத்தா” என்றாள் அவள் தகப்பனிடம், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல. ஷம்சாத் அவன் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.